அப்பா போன பிறகு ஒரு வாரம் தனியாகக் கடலோரத்தில் இருந்துவிட்டு வர ஆசை. ரொட்ரீக்ஸ் தீவு சரியாக வருமா? எப்படித் திட்டமிடுவது?

தாராளமாகப் போங்கள். நம் மொரீசியஸுக்குக் கிழக்கே இருக்கும் அந்தச் சின்னத் தீவு உங்கள் நிலைமைக்குப் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்.

படுக்கையில் கிடந்த அப்பாவை நெடுநாள் பார்த்துக்கொண்டு, எபேனில் வேலைக்கும் ஓடி, பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மறுபடி அலுவலகம் போயிருக்கிறீர்கள். எவ்வளவு தூங்கினாலும் களைப்பு போகவில்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை, "பெண்பிள்ளை தனியாக எதற்கு" என்று அம்மா தடுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ரோஸ் ஹில்லில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கணவர் இறந்த பிறகு அந்தத் தீவுக்குத் தனியாகப் போகத் தொடங்கினேன், இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். அங்கே பார்த்ததையும் பட்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் தங்கும் இடம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். தனிமை வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் யாருமே இல்லாத ஒரு தனி வீட்டை வாடகைக்கு எடுக்கிறார்கள். துக்கத்தோடு போகிறவருக்கு அது சரிப்படாது. பகலெல்லாம் நன்றாகத்தான் இருக்கும். பொழுது சாய்ந்ததும் அந்த வீடு கனக்கும். ரொட்ரீக்ஸில் ஒரு குடும்பம் தன் வீட்டோடு சேர்ந்த அறையைத் தந்து, இரவுச் சாப்பாட்டையும் தங்கள் மேசையிலேயே போடும் வழக்கம் உண்டு. தாப்ல் தோத் என்பார்கள். அப்படி ஒரு வீட்டைப் பிடியுங்கள். காலையில் ஒரு பாட்டில் தண்ணீரோடு கிளம்பினால் மாலை வரை உங்களை ஒருவரும் எதுவும் கேட்கமாட்டார்கள். இரவு ஏழு மணிக்குச் சூடாக ஒரு தட்டு வரும், எதிரில் இரண்டு முகங்கள் இருக்கும். பேச மனமில்லாவிட்டால் பேச வேண்டாம், அங்குள்ளவர்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. இன்னொன்று, நீங்கள் இருட்டியும் வரவில்லை என்றால் அதைக் கவனிக்க ஒருவர் இருப்பார். தனியாகப் போகும் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை.

வலைத்தளத்தில் புகைப்படம் பார்த்து முடிவு செய்யாமல் அந்த வீட்டுக்காரம்மாவோடு ஒருமுறை போனில் பேசிவிடுங்கள். நம் கிரியோல் மொழியும் அவர்கள் கிரியோலும் கொஞ்சம் வேறு, ஆனால் புரியாமல் போகாது. தனியாக வருகிறேன், ஓய்வெடுக்கத்தான் வருகிறேன் என்று சொல்லுங்கள். பதில் சொல்லும் தொனியிலேயே அந்த வீடு உங்களுக்குச் சரிப்படுமா என்று தெரிந்துவிடும்.

இங்கேயே பெல் மார், ஃபிளிக் ஆன் ஃபிளாக் இருக்கும்போது அவ்வளவு தூரம் எதற்கு என்று உங்கள் அண்ணன் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். மொரீசியஸில் எந்தக் கடற்கரைக்குப் போனாலும் ஞாயிற்றுக்கிழமை நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பானையோடும் பாயோடும் வந்திறங்கும். "அப்பாவுக்கு என்ன ஆச்சு" என்று அங்கேயும் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டிவரும். இரண்டு நாள்தான் விடுப்பு கிடைக்கும் என்றால் சுயாக் பக்கம், கிரி கிரி கடலோரம் போய் வரலாம். பவளத்திட்டு இல்லாத கடல் அது. அலை நேரே பாறையில் வந்து மோதும், மனதுக்கு அதுவும் ஒரு மருந்துதான். ஆனால் ஒரு வாரம் கிடைக்கிறதே. பிளேசான்ஸ் விமான நிலையத்திலிருந்து சிறிய ஏடிஆர் விமானத்தில் ஒன்றரை மணி நேரம், கிழக்கே சுமார் 560 கிலோமீட்டர். இறங்கினால் நாற்பதாயிரத்துச் சொச்சம் பேர் மட்டுமே வாழும் தீவு. நீளம் 18 கிலோமீட்டர். சுற்றியுள்ள காயலோ தீவைப் போல இரண்டு மடங்கு பெரியது. நாம் மொரீசியஸ்காரர்கள் என்பதால் பாஸ்போர்ட் தேவையில்லை, அடையாள அட்டை போதும். சின்ன விமானம் என்பதால் பெட்டி எடை வரம்பு குறைவு, டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது? செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் வரை நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று விடாமல் அடிக்கும். அந்தக் காற்றுக்காகவே பட்டம் கட்டிக் கடலில் சறுக்குகிறவர்கள் மூருக் பக்கம் வந்து குவிவார்கள். ஓய்வுக்குப் போகிறவருக்கு ஓயாத காற்று எரிச்சல்தான். அந்த மாதங்களில்தான் விடுப்பு என்றால் வடக்குப் பக்கம், தலைநகர் போர் மத்துரின் அருகே ஆன்ஸ் ஓ ஆங்லேயில் தங்குங்கள், மலை காற்றைக் கொஞ்சம் மறைக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை வேண்டாம். 2019 மார்ச்சில் ஜொவானின்யா புயல் அந்தத் தீவை ஒட்டிப் போனது நினைவிருக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் விமானம் நின்றுவிடும், ஓய்வுக்குப் போனவர் அறைக்குள் அடைந்து வானொலி கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

செப்டம்பர், அக்டோபர் என்றதும் புரட்டாசி விரதம் நினைவுக்கு வந்திருக்கும். ரொட்ரீக்ஸ் சாப்பாடு என்றாலே மீனும் உரித் என்னும் ஆக்டோபஸும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சிவப்பு பீன்ஸ், சோளம், சர்க்கரைவள்ளி, பப்பாளிக்காய், அந்தச் சின்ன எலுமிச்சை, கண்ணில் நீர் வரவைக்கும் மிளகாய், தேன் எல்லாம் அந்த மண்ணில் விளைபவை. பீன்ஸைக் கெட்டியாக வேகவைத்து சோளச் சோற்றோடு போடுவார்கள், விரதக்காரருக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "மீன் சாப்பிடமாட்டேன்" என்று மட்டும் சொன்னால் கோழி வரும்! மீன், இறைச்சி, முட்டை மூன்றும் இல்லை என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். உரித் பிடிப்பதற்கும் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை சுமார் இரண்டு மாதம் தடை இருக்கும். குஞ்சுகள் வளரட்டும் என்று 2012ல் தொடங்கிய ஏற்பாடு அது. பெண்கள் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கையில் ஈட்டியோடு, நீர் வடிந்த காயலில் இடுப்பு வளைத்து நடந்து உரித் குத்துவதைப் பார்க்க ஆசை என்றால் தடை முடிந்த பிறகு போங்கள். எனக்கு அந்தக் காட்சி மிகவும் பிடிக்கும். வயதான பெண்கள், கடலின் ஏற்றவற்றம் சொல்லும் நேரப்படி வேலை செய்கிறவர்கள். கரையில் உட்கார்ந்து ஒரு காலைப் பொழுது முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அப்புறம், நாட்களை எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருந்தீர்கள். பிரிக்காதீர்கள். இத்தனை நாளாக மருந்து நேரம், டாக்டர் நேரம், வேலை நேரம் என்று கடிகாரம் பார்த்தே வாழ்ந்திருக்கிறீர்கள். அங்கேயும் ஒரு அட்டவணை வேண்டாம். போவதும் வருவதும் தங்குவதும் உறுதியாக இருக்கட்டும், நடுவில் உள்ளது காலியாக இருக்கட்டும். முதல் இரண்டு நாள் நீங்கள் தூங்கிக்கொண்டேதான் இருப்பீர்கள், அதைக் கண்டு பதற வேண்டாம். மூன்றாம் நாள் வாக்கில் அழுகை வரலாம். வீட்டில் அடக்கி வைத்தது அங்கேதான் வெளியே வரும். பலரிடம் இதைக் கேட்டிருக்கிறேன், எனக்கும் அப்படித்தான் ஆனது. அதற்கும் நேரம் கொடுங்கள்.

கால் நடக்கச் சொல்லும் நாளில், கிழக்கே சேன் ஃபிரான்ஸுவாவிலிருந்து கிராவியே வரை கடலோரப் பாதையில் போங்கள். அந்தத் தீவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. பஸ்ஸில் சேன் ஃபிரான்ஸுவாவில் இறங்கி, சவுக்கு மர நிழலில் தொடங்கி, மேட்டில் ஏறி இறங்கி, ஆன்ஸ் புத்தேய் என்ற குடாவைத் தாண்டினால் த்ரூ தார்ஜான் வரும். இரண்டு பாறைக் கைகளுக்கு நடுவே ஒரு துண்டு வெள்ளை மணல். மேலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் தனியாக இருக்கும்போது அங்கே கடலில் இறங்க வேண்டாம். காயலுக்குள் இருப்பது போன்ற அமைதியான தண்ணீர் அல்ல அது, அலை இழுக்கும். நின்று நின்று போனால் முழு நடையும் மூன்று மணி நேரம் ஆகும். வழியில் கடை கிடையாது, நிழலும் குறைவு. தண்ணீர், தொப்பி, ஒரு ரொட்டி எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே கிளம்பிவிடுங்கள். எந்த வழியாகப் போகிறீர்கள் என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். எல்லா இடத்திலும் போன் சிக்னல் இருக்கும் என்று நம்பிப் போகக்கூடாது.

பொழுது விஷயத்தில் ஒன்று கவனம். ரொட்ரீக்ஸ் நமக்குக் கிழக்கே இருந்தாலும் கடிகாரம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அதனால் அங்கே இங்கேயைவிட இருபது நிமிடத்துக்கு மேல் முன்பே இருட்டிவிடும். பஸ்ஸும் சாயங்காலத்தில் சீக்கிரமே நின்றுவிடும். நான்கு மணிக்கெல்லாம் திரும்பும் யோசனையில் இருங்கள்.

காயலில் குளிக்கலாம், முழங்கால் தண்ணீரில் நடக்கலாம், ஆனால் வெறுங்காலோடு வேண்டாம். லாஃப் என்னும் கல்மீன் கல்லோடு கல்லாகக் கிடக்கும், அதன் முள் தைத்தால் உயிர் போகும் வலி. வற்றும் நேரம் பார்த்து வெகு தூரம் உள்ளே நடந்துவிட்டு, ஏற்றம் வரும்போது திரும்ப முடியாமல் தவிப்பவர்களும் உண்டு. ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைக்காமல் பவளத்திட்டுப் பக்கம் போகவே கூடாது.

ஆட்களோடு இருக்கலாம் என்று மனசு சொல்லும் நாளில் இல் ஓ கோகோ என்ற குட்டித் தீவுக்குப் படகில் போங்கள். நீங்கள் தங்கும் வீட்டுக்காரர்களே ஏற்பாடு செய்துவிடுவார்கள். ஆயிரக்கணக்கில் கடல்பறவைகள். வெள்ளைப் பறவை ஒன்று கூடு கட்டாமல் வெறும் கிளை மேலேயே முட்டையிட்டு அடைகாக்கும். கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும், பயப்படாது. சனிக்கிழமை விடியலில் போர் மத்துரின் சந்தையும் அப்படித்தான், கூட்டம் இருந்தாலும் தொந்தரவு இருக்காது. சீக்கிரம் போய்விட வேண்டும், வெயில் ஏறுவதற்குள் நல்ல சரக்கெல்லாம் தீர்ந்துவிடும். மோன் லீமோன் உச்சிக்கு ஏற மலையேறியாக இருக்கத் தேவையில்லை. 398 மீட்டர்தான், அதிலும் பெரும்பகுதியை பஸ்ஸே ஏற்றிவிடும். மேலே நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் தெரியும்.

1691ல் லெகுவா என்ற பிரெஞ்சு அகதி ஒருவர் சில தோழர்களோடு ஆளில்லாத அந்தத் தீவில் இறங்கினார். ஆமையும் பறவையும் நல்ல தண்ணீரும் குறைவில்லாமல் இருந்தன. இருந்தும் இரண்டு வருடத்தில் தாங்களே ஒரு படகு கட்டிக்கொண்டு மொரீசியஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். மனிதர்கள் இருக்கும் இடம் வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது. இரவுச் சாப்பாடு ஒரு குடும்பத்தின் மேசையில் இருக்கட்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான். அவர் பெயரில் இப்போது ஆமைகளுக்கான காப்பகம் ஒன்று இருக்கிறது, ஒரு மதியம் அங்கே போய் அந்தப் பெரிய ஆமைகளின் கழுத்தைத் தடவிக்கொடுத்துவிட்டு வாருங்கள்.

சில்லறை விஷயங்கள்: போர் மத்துரினில் பணம் எடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போங்கள். தண்ணீர் அங்கே அருமை, பல வீடுகளில் தொட்டித் தண்ணீர்தான், குளியலைச் சுருக்கிக்கொள்ளுங்கள். உங்கள் மருந்துகளை ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே எடுத்துப் போங்கள். க்ரேவ் கேரில் மருத்துவமனை இருக்கிறது, ஆனால் பெரிய சிகிச்சை என்றால் மொரீசியஸுக்குத்தான் அனுப்புவார்கள்.

இதை மட்டும் தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள். வெறும் களைப்பாக இல்லாமல், சாப்பாடே இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருகிறது என்றால், டிக்கெட் எடுப்பதற்கு முன் டாக்டரைப் பாருங்கள். இப்போதைக்கு அம்மாவோடு, அண்ணனோடு இருங்கள். தீவு எங்கும் போய்விடாது, சிகிச்சைக்குப் பிறகு போகலாம்.

சரி, அம்மாவுக்கு என்ன சொல்வது? அவருக்கும் கணவர் போயிருக்கிறார். நீங்களும் ஒரு வாரம் இல்லை என்றால் வீடு எப்படி இருக்கும் என்று அவர் பயப்படுகிறார், "பெண்பிள்ளை தனியாக" என்பது அதற்கு வாய்க்கு வந்த காரணம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த ஒரு வாரமும் அண்ணன் குடும்பம் வந்து அம்மாவோடு இருக்க முதலில் ஏற்பாடு செய்யுங்கள். தங்கப் போகும் வீட்டின் போன் நம்பரை அம்மாவிடம் கொடுங்கள், முடிந்தால் அந்த வீட்டுக்காரம்மாவையும் அவரோடு ஒருமுறை பேசவையுங்கள். தினமும் இரவு சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் கூப்பிடுவேன் என்று ஒரே ஒரு நேரத்தைச் சொல்லி, அதைத் தவறவிடாதீர்கள். மற்ற நேரத்தில் போனை அணைத்து வைத்துவிடலாம். திரும்பும் விமானத்தை வெள்ளிக்கிழமைக்குப் போடுங்கள். காற்றால் ஒரு நாள் தள்ளிப்போனாலும் பாதகமில்லை, திங்கட்கிழமை வேலைக்குப் போவதற்கு முன் அம்மாவோடு ஒரு நாள் முழுசாகக் கிடைக்கும்.