அமெரிக்க உதவி அவ்வளவு இருந்தும் சியாங் கை ஷேக் ஏன் மாவோகிட்ட சீனாவ இழந்தார்?

பதில் தேடுனா எல்லாரும் வடகிழக்கு சீனாவுல இருக்குற மஞ்சூரியா போர்லேர்ந்து தான் ஆரம்பிப்பாங்க, அது தப்பில்ல, 1948 செப்டம்பர்லேர்ந்து 1949 ஜனவரிக்குள்ள மூணு பெரிய சண்டையில சியாங்கோட கட்சியான குவோமின்டாங்கோட நல்ல படையெல்லாம் போயிருச்சு. ஆனா என்னைக் கேட்டா அவங்க அதுக்கு முன்னாடியே பண நோட்டுல தோத்துட்டாங்க.

1945ல ஜப்பான் சரணடைஞ்சப்போ ஷாங்காய் ஜனங்க குவோமின்டாங்காரங்கள சந்தோஷமா தான் வரவேத்தாங்க. வந்தவங்களோ, ஜப்பான் பிடியில இருந்த ஊர்ல புழங்கின நோட்டு 200 குடுத்தா எங்க நோட்டு 1ன்னு ரேட் வச்சாங்க, சிறுகச் சிறுக சேத்து வச்சவன் ஓட்டாண்டி ஆயிட்டான், அதிகாரிங்க வீடு, கார், தங்கம்னு சுருட்டினாங்க.

அப்புறம் போர் செலவுக்கு நோட்டு அடிச்சிக்கிட்டே இருந்தாங்க. 1948 ஆகஸ்ட்ல பழைய நோட்டு 30 லட்சத்துக்கு 1 'தங்க யுவான்'னு புதுசா விட்டாங்க, வீட்டுல இருக்குற தங்கம், வெள்ளி, டாலர் எல்லாத்தையும் பேங்க்ல குடுத்துரணும், இல்லன்னா தண்டனை. நடுத்தர குடும்பத்துக்காரங்க பயந்து போய் வரிசையில நின்னு குடுத்தாங்க, இத படிக்கும்போது எனக்கு வயிறு எரியும். விலைய கட்டுப்படுத்த ஷாங்காய்க்கு வந்த சியாங்கோட மகன் சிங் குவோ பதுக்கல்காரங்கள உண்மையாவே புடிச்சு உள்ள போட்டார், ஆனா அவரோட சித்தி, அதாவது சியாங்கோட மனைவி சூங் மேலிங்குக்கு அக்கா மகன் டேவிட் குங் கம்பெனி மேல கை வச்சதும் மேலிங் குறுக்க வந்து தடுத்துட்டாங்க. நவம்பர்ல விலைக் கட்டுப்பாட்டையே எடுத்துட்டாங்க.

டிசம்பர்ல அந்த யுவான் நோட்டுக்கு ஆளுக்கு 40 கிராம் தங்கம் தர்றோம்னு சொன்னப்போ பேங்க் வாசல்ல கூடின கூட்டத்த பிரெஞ்சு போட்டோகிராபர் ஹென்றி கார்ட்டியே ப்ரெஸ்ஸான் போட்டோ எடுத்திருக்கார், தேடிப் பாருங்க. ஒருத்தர் முதுகோட ஒருத்தர் ஒட்டி, முன்னாடி நிக்கிறவங்கள ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சிக்கிட்டு, மூச்சு விட இடமில்லாம நிக்கிறாங்க. அன்னைக்கு மிதிபட்டு செத்தவங்களும் உண்டு. இந்த ஜனங்க அந்த ஆட்சிக்காக இன்னொரு நாள் சண்டை போடுவாங்களா?

1949 ஏப்ரல்ல அவங்க தலைநகர் நான்ஜிங் விழுந்துச்சு, மே மாசம் ஷாங்காய். பேங்க்ல இருந்த தங்கத்துல பெரும்பகுதிய அதுக்குள்ளயே கப்பல்ல ஏத்தி தாய்வான் கொண்டு போயிட்டாங்க, அத வச்சுத் தான் ஜூன்ல அங்க புது டாலர் விட்டாங்க, அது நிலைச்சும் நின்னுச்சு. வளையல கழட்டிக் குடுத்த ஷாங்காய்க்காரங்க கையில மிஞ்சினது அந்த யுவான் நோட்டு தான்.