விரலில் ஒளி பாய்ச்சி இரத்த வகையை அறிய முடியுமா?

மன்னார்குடி வட்டாரத்து இரத்ததான முகாம்களில் ஊசி குத்தாமல், விரலில் மாட்டும் ஒளி உணரியைக் கொண்டே இரத்த வகையைக் கண்டறியலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முயற்சிகள் நடக்கின்றன, ஆனால் அதை மட்டும் நம்பி இன்று யாருக்கும் இரத்தம் ஏற்றக் கூடாது.

விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் வேலை செய்வதற்குக் காரணம், ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபினும் ஏற்காததும் சுமார் 660 நானோமீட்டர் சிவப்பொளியையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பொளியையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதே. 1901இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் வகுத்துக் காட்டிய இரத்த வகைகளைப் பிரிப்பதோ, சிவப்பணுவின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியில் இருக்கும் ஒற்றைச் சர்க்கரை மூலக்கூறு: ஏ வகையில் அசிட்டைல்காலக்டோசமைன், பி வகையில் காலக்டோஸ், ஓ வகையில் இரண்டும் இல்லை. தோலின் நிறமி, கொழுப்பு, நீர் ஆகிய அனைத்தையும் கடந்து வரும் ஒளியில் இந்த நுண்ணிய வேறுபாடு தனித்துத் தெரிவதில்லை. கருவி ஒரு விடையைக் காட்டினாலும், அது அளந்தது இரத்த வகையைத்தான், நடவு வயல் வெயிலில் கறுத்த தோலை அல்ல என்று உறுதிசெய்வது மிகக் கடினம்.

உடலுக்கு வெளியே ஒளிக்கு நல்ல பயன் உண்டு. ஒரு துளி இரத்தத்தில், மேற்சொன்ன சர்க்கரையோடு பிணையும் எதிர்ப்பொருளைச் சேர்த்து, சிவப்பணுக்கள் திரளும்போது ஊடுருவும் ஒளி மாறுவதை உணரியால் அளக்க முடியும். முகாம்களுக்கு ஏற்ற வழி இதுவே என்று கருதுகிறேன்.

மேலும், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் சிற்றூர் மருத்துவமனையானாலும், இரத்தம் ஏற்றுமுன் கொடுப்பவர், பெறுபவர் இருவரின் மாதிரிகளையும் கொண்டு பொருத்தம் பார்த்தாக வேண்டும். 1952இல் பதிவான, ஓ வகை இரத்தத்தைக்கூட ஏற்க முடியாத அரிய பம்பாய் வகை, ஓ எனத் தவறாகக் கணிக்கப்பட்டிருந்தால், இத்தகைய சோதனைகளில்தான் அது பிடிபடும்.