பிரபுவுக்கு முகம் ஏது?

கேள்வி: 1903-ல் லண்டனில் போட்ட 'தி ஏர்ல் அண்ட் தி கேர்ள்' என்ற இசை நாடகத்துக்குப் போன இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். தான் ஒரு பிரபு பட்டத்துக்கு வாரிசு என்பதே தெரியாத வாலிபன், நாய் பழக்குகிற ஒருவனோடு ஆள் மாறுகிறானாம். ஊரே நாய்க்காரனைப் பிரபு என்று நம்பிக் கொண்டாடுகிறதாம். இதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட நம்பாது. 371 காட்சிகள் ஓட வைத்த லண்டன்காரர்கள் அவ்வளவு மக்குகளா? நமக்கெதற்கு இந்தக் குப்பை?

- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: டிக்கெட் வாங்கி வந்தவர்களில் ஒருவர்கூட நம்பவில்லை. நம்பியது மேடையில் இருந்த கிராமம். எவன் வாரிசான டிக் வார்கிரேவ், எவன் நாய்க்காரன் ஜிம் சீஸ் என்பது சபையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். விஷயம் தெரியாமல் நாய்க்காரனுக்குக் கூழைக்கும்பிடு போடுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கத்தான் அவர்கள் காசு கொடுத்தார்கள். ஆகவே மக்குப் பட்டத்தை லண்டன்காரர் தலையில் கட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

'யார் நம்புவார்கள்?' என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்கு மேடையைவிடக் கோர்ட்டில் நல்ல பதில் இருக்கிறது.

1854-ல் ரியோ டி ஜெனிரோவிலிருந்து கிளம்பிய ஒரு கப்பல் காணாமல் போனது. அதில் இருந்தவர் ரோஜர் டிச்போர்ன். ஹாம்ப்ஷையரில் பெரிய எஸ்டேட்டும் பாரனெட் என்ற பரம்பரைப் பட்டமும் உள்ள குடும்பத்தின் வாரிசு. பிள்ளை செத்துவிட்டான் என்பதைப் பெற்றவள் ஒப்புக்கொள்ளவில்லை. பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தபடி இருந்தார். 1866-ல் ஆஸ்திரேலியாவின் வாகா வாகா என்ற ஊரில் கசாப்புக்கடைக்காரர் ஒருவர் 'நான்தான் அந்த ரோஜர்' என்றார். காணாமல் போனவர் ஒல்லிக்குச்சி, வந்தவர் பெருத்த சரீரம். ரோஜர் பாரிஸில் வளர்ந்து பிரெஞ்சு பேசியவர், வந்தவருக்கு அந்த மொழியே வராது. பெற்ற தாய் பார்த்தார். 'என் பிள்ளைதான்' என்றார். வருஷத்துக்கு 1,000 பவுண்டும் கொடுத்தார்.

தாய் இறந்த பிறகு, எஸ்டேட்டைக் கேட்டு அவர் போட்ட வழக்கு 1871-ல் விசாரணைக்கு வந்தது. சாட்சிகள் வரிசையாக வந்து, இவர்தான் என்று பலரும் இல்லவே இல்லை என்று சிலரும் சத்தியம் செய்தார்கள். கடைசியில் ஒரு பள்ளித் தோழர் கூண்டேறி, 'ரோஜரின் கையில் பச்சை குத்தியிருந்தது, ஒரு பகுதியைக் குத்தியவனே நான்' என்றார். கசாப்புக்கடைக்காரரின் கையில் அந்தப் பச்சை இல்லை. 1872-ல் சிவில் வழக்கு கவிழ்ந்தது. பொய்ச் சத்தியத்துக்காக நடந்த அடுத்த வழக்கு 1874-ல் முடிந்து 14 வருஷ தண்டனை கிடைத்தது. அப்போதும் ஜனங்கள் விடவில்லை. அவருக்காக வாதாடிய வக்கீல் கெனீலியை 1875-ல் பார்லிமென்டுக்கே அனுப்பினார்கள். அந்த ஆள் செத்தது 1898 ஏப்ரல் 1 அன்று. (தேதியை நான் இட்டுக்கட்டவில்லை.) சவப்பெட்டித் தகட்டில் பொறித்திருந்த பெயர் சர் ரோஜர் சார்லஸ் டௌட்டி டிச்போர்ன்.

இது நடந்து ஆறு வருஷம் முடிவதற்குள் ஜிம் சீஸ் மேடையேறிவிட்டான். பார்க்க வந்தவர்களில் நடுவயது தாண்டிய எவருக்கும் அந்த வழக்கு ஞாபகத்தில் இருந்திருக்கும். உங்களுக்கு நம்ப முடியாததாகத் தோன்றுவது அவர்களுக்குப் பழைய பேப்பர் செய்தி.

அப்புறம், அந்த ஊரில் ஒரு பிரபுவை எப்படி அடையாளம் கண்டுகொள்வார்கள் என்றும் யோசியுங்கள். போட்டோ ஒட்டிய பாஸ்போர்ட்டே பிரிட்டனில் 1915-ல்தான் வந்தது. மாளிகையைக் கிராமத்துக்குத் தெரியும், வண்டியைத் தெரியும். பட்டத்துக்குப் புதிதாக வருகிறவரின் முகத்தை யார் கண்டார்கள்? நம் பக்கத்தில் அண்ணன் தம்பி உட்கார்ந்து பாகம் பிரித்துக்கொள்வார்கள், யார் யாருக்கு எந்த வயல் என்பது வரப்புக்கே தெரியும். அங்கே பட்டம் பெரும்பாலும் ஆண் வழியில், மூத்தவனுக்கு மட்டும். நேர் வாரிசு இல்லையென்றால் சித்தப்பா கிளை, அதுவும் அற்றுப்போனால் கொள்ளுத்தாத்தாவின் இளைய மகன் வழி என்று வக்கீல்கள் வம்சாவளியைத் தூக்கிக்கொண்டு தேடுவார்கள். எங்கோ ஒரு மூலையில் சோற்றுக்குத் தாளம் போடுகிற எவனாவது ஒருநாள் பிரபு ஆகலாம், அதுவரை அவனுக்கே அது தெரியாமலும் இருக்கலாம். 'தன்னைத் தெரியாத வாரிசு' என்ற அந்தக் கதைக்கட்டு முளைத்தது இந்தச் சட்டத்திலிருந்துதான்.

அந்தக் காலத்து இசை நாடகங்களில் பெண்கள் மேலே போவதற்கு ஆள்மாறாட்டம் தேவைப்படவில்லை, கவனித்திருக்கிறீர்களா? கடைப்பெண்ணோ பாட்டுக்காரியோ ஒரு பிரபுவைக் கல்யாணம் செய்துகொண்டால் சீமாட்டி ஆகிவிடுவாள், புருஷன் பட்டம் அவளுக்கும் உண்டு. மேடைக்கு வெளியிலும் இது நடந்தது. லண்டன் கெய்ட்டி தியேட்டரில் ஆடிப் பாடிய கானி கில்கிறிஸ்ட் 1892-ல் ஆர்க்னி பிரபுவின் மனைவி. அதே மேடையின் ரோஸி பூட் 1901-ல் ஹெட்ஃபர்ட் மார்க்விஸ் என்ற பிரபுவின் மனைவி. ஆணுக்கு அந்த வழி கிடையாது. எந்தச் சீமாட்டியைக் கட்டிக்கொண்டாலும் நாய்க்காரன் நாய்க்காரன்தான். அவனை மாளிகைக்குள் அனுப்ப வேண்டுமென்றால் கதாசிரியருக்கு இருந்த ஒரே வாசல் ஆள்மாறாட்டம். நீங்கள் அசட்டுத்தனம் என்று சொன்ன இடம், வேறு வழியே இல்லாத இடம்.

வாரிசு, சொத்து என்று அந்த நாடகங்கள் ஏன் ஓயாமல் பேசின என்றால், அப்போது மாளிகைகளின் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. 1870-களிலிருந்து அமெரிக்கக் கோதுமை வந்து குவிந்ததில் நிலக் குத்தகை விழுந்தது. 1894-ல் வாரிசுச் சொத்து மீது புது வரி, பத்து லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட எஸ்டேட்டுகளுக்கு 8 சதவீதம். பட்டம் இருந்தது, பணம் இல்லை. 1895-ல் மார்ல்பரோ பிரபு நியூயார்க்கின் கான்ஸுவேலோ வாண்டர்பில்ட்டைக் கட்டிக்கொண்டபோது சீதனமாக வந்தது 25 லட்சம் டாலர் பெறுமான ரயில்வே பங்குகள். 'வரதட்சணை நம்ம ஊர் வியாதி' என்று யாராவது உங்களிடம் சொன்னால் இதை எடுத்துக் காட்டுங்கள்.

எனக்கும் அந்த நாடகத்தின் மேல் கோபம் உண்டு. உங்கள் கோபம் போய் நிற்கிற இடம் வேறு, அவ்வளவுதான். ஜிம் சீஸாக நடித்த வால்டர் பாஸ்மோர் சவாய் தியேட்டரில் சிரிப்பு வேஷங்களில் பெயர் எடுத்தவர். ஜனங்கள் வந்தது அவருக்காக. ஊர் அவன் காலில் விழும்போது நாடகம் ஒரு வம்பான கேள்வியைத் தொட்டுவிடுகிறது: நாய்க்காரனுக்கும் பிரபுவுக்கும் கோட்டு ஒன்றுதான் வித்தியாசமா? தொட்டவுடன் கையை இழுத்துக்கொள்கிறது. முடிவில் குழப்பம் தெளிகிறது, பட்டமும் பெண்ணும் டிக்குக்கு. நாய்க்காரன் நாய்களிடம் திரும்பவேண்டியதுதான். கதை எழுதிய ஸீமோர் ஹிக்ஸுக்கு அதற்கு மேல் போகத் துணிச்சல் இல்லை, அல்லது போகவேண்டும் என்றே தோன்றவில்லை.

அடுத்த வருஷம் வந்த 'சார்ஜென்ட் ப்ரூ' இந்த விஷயத்தில் மேல். ஒரு சாதாரண போலீஸ் சார்ஜென்ட்டுக்குச் சொத்து வருகிறது. ஆனால் அவன் இன்ஸ்பெக்டர் ஆனால்தான் கையில் கிடைக்கும். வம்சாவளியும் வேண்டாம், ஆள்மாற்றமும் வேண்டாம், புரமோஷன்தான் தகராறு! ஆபீஸில் வேலை பார்த்த எவருக்கும் வயிற்றைக் கலக்கும் கதை. எழுதியவர் ஓவன் ஹால், வக்கீல் தொழிலில் இருந்தவர். அந்தப் பெயரும் புனைபெயர்தான். ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னால் 'எல்லோருக்கும் கடன்' என்று காதில் விழும். கடன் தொல்லையில் தவித்த மனிதர், தன்னையே கிண்டல் செய்து வைத்துக்கொண்டது. இசை லிஸா லேமன் என்ற பெண்மணி, அந்தத் துறையில் அது அபூர்வம். நடுவில் ஒரு பாட்டு, சிறை அறையிலேயே என்னைப் போடுங்கள் என்று கெஞ்சுகிற பாட்டு. அதன் வரிகளை எழுதிய வாலிபன், பின்னாளில் நகைச்சுவை நாவல்களால் பெயர் பெற்ற பி.ஜி. வுட்ஹவுஸ். இரண்டு வருஷம் கழித்து அவரைப் பாட்டெழுதச் சம்பளத்துக்கு அமர்த்தியவர் அதே ஸீமோர் ஹிக்ஸ். அவர் நாவல்களில் வரும் ப்ளாண்டிங்ஸ் மாளிகைக்கு யார் யாரோ வேறு பெயரில் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குகிறார்களே, அந்த வித்தையின் நெடி எந்த மேடையிலிருந்து வந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை. வுட்ஹவுஸைப் படித்துவிட்டுப் பஸ்ஸில் தனியாகச் சிரிக்கிறவர்கள் கும்பகோணத்திலும் இருக்கிறார்கள். உங்கள் கடைசிக் கேள்விக்கு அவர்களே பதில்.

கதையை அந்தக் காலத்தவர்கள் எவ்வளவு மதித்தார்கள் என்றும் ஒரு வார்த்தை. துணி காயப்போடும் கொடி அளவுக்குத்தான். 1905 நவம்பரில் அதே நாடகம் நியூயார்க் கஸினோ தியேட்டருக்குப் போனபோது, கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு காதல் பாட்டைச் செருகினார்கள். மெட்டுப் போட்டவர் ஜெரோம் கெர்ன், வயது 20. பூச்சுற்றிய ஊஞ்சல்களில் பெண்கள் சபையோர் தலைக்கு மேலே வந்து ஆட, பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. அன்றைக்கு எவன் பிரபு என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த யாருக்கு நினைவிருக்கும்?

இரண்டு பக்கம் வீண் என்கிறீர்கள். அந்த இரண்டு பக்கத்தில் உண்மையிலேயே ஒரு பிழை இருந்தது, அது உங்கள் கண்ணில் படவில்லை. இசையமைத்த ஐவன் கேரிலை ஆங்கிலேயர் என்று அச்சிட்டுவிட்டோம். அவர் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துக்காரர். பெயர் ஃபெலிக்ஸ் டில்கின்.

- ஆசிரியர்