2024-இல் வெளியான தமிழ்ப் படங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்த ஐந்து எவை?

ஐந்து படங்களைத் தரவரிசையோடு கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "மூன்று மணி நேரம் இழுக்கும் படங்களைத் தயவுசெய்து சொல்ல வேண்டாம்" என்று ஒரு வரியையும் சேர்த்திருக்கிறீர்கள். அந்த ஒரு வரி மட்டும் இல்லையென்றால் நான் இந்தக் கேள்வியைக் கடந்து போயிருப்பேன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு, கைப்பேசியில் ஒன்றரை மடங்கு வேகத்தில் படம் பார்ப்பவராக இருக்கக்கூடும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை; என் மகளும் அப்படித்தான் பார்க்கிறாள். ஆனால் என் பட்டியலில் முதலில் நிற்பது, திரைக்கு வந்த அன்று மூன்று மணி நேரத்துக்கு மூன்றே நிமிடம் குறைவாக இருந்த 'மெய்யழகன்'.

நான் விமர்சகன் அல்லன். கோடம்பாக்கத்தில் வசிக்கிறேன் என்பதைத் தவிரத் திரையுலகுடன் எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை. ஒரு கணக்குத் தணிக்கையாளர் (ஆடிட்டர்) அலுவலகத்தில் கணக்கெழுதுகிறேன். பார்த்த படங்களையும் அதே பழக்கத்தில் ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி வைக்கிறேன். அந்தக் குறிப்பேட்டின்படி 2024-இல் திரையரங்கில் 31 படங்கள் பார்த்திருக்கிறேன். பிரேம்குமார் இயக்கிய 'மெய்யழகன்' மட்டும் இரண்டு வரிகளில் வருகிறது.

படத்தின் தொடக்கம் 1996-இல் நடக்கிறது. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்த ஒரு குடும்பம் சென்னைக்குப் புறப்படுகிறது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, அந்த வீட்டுப் பையன் அருள்மொழி (அரவிந்த்சாமி) ஒரு தங்கையின் திருமணத்துக்காக ஊருக்குத் திரும்புகிறான். இந்தச் சுருக்கத்தைப் படித்த உடனே என் அப்பாவை அழைத்துப் போவது என்று முடிவு செய்துவிட்டேன். அவருக்கு 78 வயது. மன்னார்குடிக்கு அருகில் ஒரு கிராமத்தில் இருந்த பூர்வீக வீட்டைப் பாகப்பிரிவினையில் விட்டுக்கொடுத்துவிட்டு, 1981-இல் மேற்கு மாம்பலத்தின் ஓர் ஒண்டுக்குடித்தனத்தில் வந்து குடியேறியவர். அதன் பிறகு அந்தக் கிராமத்துத் தெருவுக்குள் அவர் கால் வைத்ததில்லை. சொந்தத் தங்கை மகளின் திருமணத்துக்கும் பணம் மட்டும்தான் அனுப்பினார்.

செப்டம்பர் 29, ஞாயிறு, மாலைக் காட்சி. முழங்கால் வலி உள்ளவரைப் படியேற்ற முடியாது என்பதால் மின்தூக்கி உள்ள திரையரங்காகத் தேடி முன்பதிவு செய்தேன். இடைவேளைக்குப் பிறகு எங்கள் பின்வரிசையில் இருந்த இரண்டு இளைஞர்கள், "இன்னும் எவ்வளவு நேரம்தான் பேசுவாங்க?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்பா திரும்பி, "தம்பி, அவங்க பேசட்டும், நீங்க சும்மா இருங்க" என்றார். நாற்பது ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தவரின் குரல் அது. படம் முடியும் வரை பின்வரிசை வாயைத் திறக்கவில்லை.

மணமேடையில் அருள்மொழி தங்கைக்கு நகைகளை அணிவிக்கும் காட்சியில் அப்பா அழுவார் என்று எதிர்பார்த்து, நான் திரையைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அழவில்லை. ஆற்காடு சாலையில் மெட்ரோ பணிக்காக வைத்த தடுப்புகளுக்கு நடுவே ஆட்டோ ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான் வாயைத் திறந்தார். "வீட்டை நன்றாகக் காட்டினார்கள். ஆனால் கொல்லைப்புறத்துக்கு யாருமே போகவில்லையே? அங்கேதானே கிணறு?" என்றார். அது அவருடைய வீட்டுக் கிணறு என்பது எனக்குப் புரியவே சற்று நேரம் ஆயிற்று. வீடு வந்து சேரும் வரை, கூடத்தில் எத்தனை தூண்கள் இருந்தன, எந்த அறையில் நெல்லைக் கொட்டி வைத்தார்கள், எந்தத் திண்ணையில் தாத்தா உயிர் விட்டார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நாற்பத்தேழு வயதில் நான் முதன்முறையாகக் கேட்ட விவரங்கள் இவை.

நீளமாக இருக்கிறது என்ற பரவலான பேச்சுக்குப் பிறகு படக்குழுவே ஏறத்தாழ 18 நிமிடங்களை வெட்டிவிட்டது. அம்மாவும் பார்க்க வேண்டும் என்று காந்தி ஜெயந்தி விடுமுறையன்று மூவராகப் போனபோது நாங்கள் பார்த்தது அந்தச் சுருங்கிய வடிவத்தைத்தான். எந்தக் காட்சி போயிற்று என்று அப்பாவால் குறிப்பிட்டுச் சொல்ல முடியவில்லை. ஆனால், "பந்தியில் உட்கார வைத்துவிட்டு, ரசம் ஊற்றுவதற்குள் இலையை எடுத்த மாதிரி இருக்கிறது" என்றார். வெட்டியதால் படம் கெட்டுவிட்டது என்று நான் வாதாட வரவில்லை. அம்மாவுக்கு அதுவே நிறைவாக இருந்தது. ஆயினும், பெயர்கூட நினைவுக்கு வராத ஓர் உறவினனிடம் ஓர் இரவு முழுவதும் அன்பை வாங்கிக்கொள்ளும் ஒருவனின் கூச்சம்தான் இந்தப் படத்தின் கதையே என்னும்போது, அந்த இரவு நீளமாகத்தானே இருக்க முடியும்? "அத்தான், அத்தான்" என்று கார்த்தி ஒட்டிக்கொண்டே இருப்பது அரவிந்த்சாமிக்கு எவ்வளவு சங்கடமாக இருக்கிறதோ, அதில் கொஞ்சமாவது நமக்கும் இருக்க வேண்டும் அல்லவா?

இரண்டாமிடம் 'கொட்டுக்காளி'. நீளம்தான் உங்கள் கவலை என்றால் இது இரண்டு மணி நேரத்தைக்கூட எட்டாத படம். பேய் பிடித்திருப்பதாகக் குடும்பத்தார் நம்பும் ஒரு பெண்ணை ஆட்டோவில் ஏற்றிப் பூசாரியிடம் கொண்டு போகிறார்கள்; அவ்வளவுதான் கதை. பின்னணி இசை அறவே கிடையாது. தொண்டையில் சுண்ணாம்பைப் பூசிக்கொண்டு கரகரத்த குரலில் பேசும் சூரியையும், ஏறக்குறைய ஒன்றுமே பேசாமல் அத்தனை பேரையும் எதிர்த்து நிற்கும் அன்னா பென்னையும் விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. வழியை மறித்து நிற்கும் காளையைக் கண்டு ஆண்கள் எல்லோரும் தயங்கி நிற்க, ஒரு சிறுமி வந்து அதை ஓட்டிக்கொண்டு போகும் இடத்தில், அரங்கில் இருந்த இருபது பேரில் பாதிப் பேராவது சிரித்திருப்போம். இறுதியில் கதையை முடிக்காமல் இயக்குநர் வினோத்ராஜ் நம் கையில் கொடுத்துவிட்டுப் போனதும், என் பக்கத்து இருக்கைக்காரர், "சார், கரண்ட் போயிடுச்சா?" என்று உண்மையாகவே கேட்டார். அவரை நான் கேலி செய்யவில்லை. எனக்கும் அரை நிமிடம் அதே சந்தேகம் இருந்தது.

'கொட்டுக்காளி' வந்த அதே ஆகஸ்ட் 23-ஆம் தேதி வெளியான 'வாழை' மூன்றாமிடம். வாழைத்தார் சுமக்கும் சிறுவன் பசியோடு ஓடி வந்து சோற்றை அள்ளி வாயில் வைக்கும் அந்த இறுதிக் காட்சிக்குப் பிறகு இரண்டு நாள் எனக்கு இயல்பாகச் சாப்பிட முடியவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

நான்காவது 'லப்பர் பந்து'. விஜயகாந்த் மறைந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், 'பொன்மனச் செல்வன்' படப் பாட்டு ஒலிக்க, 'கெத்து' என்ற பாத்திரமாகத் தினேஷ் கிரிக்கெட் மட்டையோடு இறங்கியபோது வடபழனி அரங்கில் எழுந்த சத்தத்தை எந்தத் தொலைக்காட்சியிலும் கேட்க முடியாது. ஆனால் படத்தைத் தாங்குபவர் ஸ்வாசிகா. டிராக்டரோடு வந்து ஆடுகளத்தையே உழுதுவிடும் மனைவியை நம் கிரிக்கெட் படங்களில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஊர் அணியில் சாதி பார்த்து ஆள் எடுப்பதை மேடைப் பேச்சு ஏதும் இல்லாமல் சொன்னதும் பிடித்திருந்தது.

"மகாராஜா எங்கே, அமரன் எங்கே?" என்று கருத்துப் பகுதியில் கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 'மகாராஜா'வின் திரைக்கதைத் திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையைக் கடைசி நேரத் திருப்பத்துக்கான முடிச்சாக வைத்திருந்தது, பெண் பிள்ளையைப் பெற்றவனான என்னை உறுத்தியது. 'அமரன்' பார்த்து சாய் பல்லவிக்காக அழுதேன். ஆனால் மீண்டும் பார்க்கத் தோன்றவில்லை.

ஐந்தாவது இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். ஆகஸ்ட் மாதம், தெருக்கூத்தில் பெண் வேடம் கட்டும் கலைஞனைப் பற்றிய 'ஜமா'வுக்கு முன்பதிவு செய்துவிட்டு வேளச்சேரிப் பக்கம் வரை போனேன். ஊரில் தோற்பாவைக் கூத்தும் தெருக்கூத்தும் பார்த்து வளர்ந்த அப்பாவையும் அழைத்துப் போயிருந்தேன். ஆறு பேர்தான் பதிவு செய்திருக்கிறார்கள் என்று சொல்லிக் காட்சியை ரத்து செய்துவிட்டார்கள். டிக்கெட் பணம் நான்கு நாளில் வந்தது. இணையத்தில் பதிவு செய்ததற்காகப் பிடித்த கட்டணம் இன்று வரை வரவில்லை. அடுத்த வாரம் அந்தப் படம் எங்கள் பக்கம் எந்த அரங்கிலும் இல்லை. சிறிய படத்துக்குக் காலை பத்தேகால் மணிக்கு ஒரு காட்சியை ஒதுக்கிவிட்டு, கூட்டம் வரவில்லை என்று கணக்குக் காட்டுவது என்ன நியாயம் என்று மின்னஞ்சல் அனுப்பினேன். தானியங்கிப் பதில் ஒன்று வந்தது.

பின்னர் 'ஜமா'வைக் கைப்பேசியில் பார்த்தேன், ஒரு மடங்கு வேகத்தில்தான். இளையராஜாவின் இசையை அந்தக் குட்டி ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு அதற்கு இடம் கொடுப்பதும் மறுப்பதும் நேர்மையாக இருக்காது என்பதால், குறிப்பேட்டில் அதன் பெயரைப் பென்சிலில் மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.