மணிலா, தீம் பார்க், மாமனார் வீடு: பன்னிரண்டு நாள்களை எப்படிப் பங்கிடுவது?

கேள்வி: நான் சிங்கப்பூர் நிரந்தரவாசி. என் மனைவி பிலிப்பைன்ஸ் நாட்டவர். இங்கே வேலை அனுமதியில் செவிலியராகப் பணிபுரிகிறார். டிசம்பர் 17 முதல் 28 வரை 9, 5 வயதுக் குழந்தைகளுடனும், திருச்சியிலிருந்து வரும் என் பெற்றோருடனும் லகுனா மாகாணத்தின் சான் பாப்லோ நகரில் இருக்கும் மனைவியின் வீட்டுக்குச் செல்கிறோம். அப்பா ஓய்வுபெற்ற விவசாயி; பெற்றோர் இருவரும் சைவ உணவு மட்டுமே உண்பவர்கள். சம்பந்திகளை இதுவரை நேரில் பார்த்ததில்லை. குழந்தைகள் தீம் பார்க் கேட்கிறார்கள். எனக்கு போராக்கய், செபு தீவுகளையும் பார்த்துவிட ஆசை. எல்லாவற்றையும் எப்படி அடக்குவது?

பதில்: எல்லாவற்றையும் அடக்க முடியாது, அடக்க முயலவும் வேண்டாம். போராக்கயையும் செபுவையும் இந்தப் பயணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். போராக்கய்க்கு விமானத்தில் சென்று, பிறகு படகேற வேண்டும். செபுவுக்கு இன்னொரு விமானம். பெரியவர்களையும் ஐந்து வயதுக் குழந்தையையும் வைத்துக்கொண்டு பார்த்தால், ஒவ்வொரு தீவுக்கும் போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று பயணத்திலேயே நாள்கள் கரைந்துவிடும். உங்கள் மாமனார் வீட்டில் உறவினர்கள் ஒன்றுகூடுவது கிறிஸ்துமஸை ஒட்டிய நாள்களில்தான். அந்நேரம் பார்த்து நீங்கள் தீவில் இருப்பீர்களானால், வெளிநாட்டிலிருந்து மகளும் மருமகனும் வந்தும் வீட்டில் இல்லை என்ற குறை அவர்களுக்கு நெடுநாள் இருக்கும். முதலில் உறவினர்களின் நாள்களை நாள்காட்டியில் குறித்து, அதைச் சுற்றி மற்றவற்றை வைக்க வேண்டும். தீம் பார்க்குகளுக்கு இடையில் எஞ்சும் நேரத்தை உறவினர்களுக்குக் கொடுப்பது என்ற முறையில் திட்டமிட்டால் இரண்டுமே கெடும்.

நல்ல வேளையாக, சான் பாப்லோ அமைந்திருக்கும் இடம் உங்களுக்குச் சாதகமானது. குழந்தைகள் கேட்கும் பூங்காவும், எரிமலையும், ஏரிகளும், உங்கள் தந்தை பார்க்க விரும்பக்கூடிய ஓரிடமும் அந்த வீட்டிலிருந்து காலையில் புறப்பட்டு இரவு திரும்பிவிடக்கூடிய தொலைவிலேயே இருக்கின்றன.

முதலில் ஆவணங்கள். 2025 ஜூன் 8 முதல் இந்தியர்கள் சுற்றுலாவுக்காக 14 நாள் வரை விசா இல்லாமல் பிலிப்பைன்ஸுக்குள் நுழையலாம். இந்த 14 நாளை அங்கே போய் நீட்டிக்க முடியாது. சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா அல்லது நிரந்தரவாச அனுமதி உடையவர்களுக்கு இதுவே 30 நாள். உங்கள் பயணம் இரண்டு வரம்புக்குள்ளும் வருவதால் கவலையில்லை. ஆனால் "அம்மாவும் அப்பாவும் மட்டும் ஒரு வாரம் கூடுதலாக இருந்துவிட்டு வரட்டும்" என்று கடைசி நேரத்தில் தீர்மானிப்பதைத் தவிருங்கள். பெற்றோர் சிங்கப்பூர் வழியாகவே திரும்புவதால், அவர்களுடைய சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவதற்கானதா, 28ஆம் தேதிக்குப் பிறகும் செல்லுமா என்பதைச் சீட்டு எடுப்பதற்கு முன்பே பாருங்கள். கடவுச்சீட்டு, தங்கும் காலத்துக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். திரும்பும் விமானச் சீட்டு, தங்குமிடத்துக்கான சான்று, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று ஆகியவற்றைக் கேட்பார்கள். நீங்கள் பெரும்பாலான நாள்கள் உறவினர் வீட்டில் தங்குவதால், முகவரியுடன் கூடிய அழைப்புக் கடிதம் ஒன்றை மாமனாரிடமிருந்து பெற்றுக்கொள்ளுங்கள். மணிலாவில் எடுக்கும் விடுதி முன்பதிவும் கையில் இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் 'ஈ-டிராவல்' என்ற அரசு இணையப் பதிவைப் புறப்படுவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். அது முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அன்று.

பலர் மறந்துவிடும் காகிதம் ஒன்று உண்டு. வெளிநாட்டில் வேலை அனுமதியில் பணிபுரியும் பிலிப்பைன்ஸ் குடிமக்கள், விடுமுறைக்குச் சொந்த நாட்டுக்குச் சென்று மீண்டும் வேலைக்குத் திரும்பும்போது, வெளிநாட்டு வேலைச் சான்றிதழையோ அதிலிருந்து விலக்குப் பெற்றதற்கான ஆதாரத்தையோ விமான நிலையத்தில் காட்ட வேண்டும். உங்கள் மனைவி இதைச் சிங்கப்பூரிலிருந்தே முடித்துவிடுவது நல்லது. இல்லையென்றால் நீங்கள் ஐவரும் குடிநுழைவைக் கடந்த பிறகு அவர் மட்டும் நிறுத்தப்படக்கூடும். கிறிஸ்துமஸ் வாரத்தில் அரசு அலுவலகங்களில் அதைச் சரிசெய்வது எளிதன்று.

மணிலாவில் முதல் இரண்டு இரவுகள் போதும். பெற்றோர் திருச்சியிலிருந்து நீண்ட பயணம் செய்து வருகிறார்கள். வந்த அன்றே டிசம்பர் மாத நெரிசலில் மீண்டும் பல மணி நேரம் வேனில் உட்கார வைப்பது சரியாகாது. மறுநாள் காலை வெயில் ஏறும் முன் இன்ட்ராமுரோஸ் என்னும் பழைய மதில் நகரத்துக்குச் செல்லுங்கள். 1607இல் கட்டி முடிக்கப்பட்டு, இன்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்கும் சான் அகுஸ்தின் தேவாலயம் அங்கே இருக்கிறது. அந்நாட்டு மக்கள் தங்கள் தேசிய வீரராகப் போற்றும் ஹோசே ரிசால், 1896 டிசம்பர் 30 அன்று சுட்டுக்கொல்லப்படுவதற்கு முன் சிறைவைக்கப்பட்டிருந்த சாந்தியாகோ கோட்டையும் அங்கேயே உள்ளது. உங்கள் குழந்தைகளுக்கு அது தாய்வழி நாட்டின் வரலாறு; ஒன்பது வயதுக் குழந்தைக்கு நிச்சயம் புரியும். கற்கள் பாவிய தெருக்களில் பெரியவர்களுக்கு நடக்கச் சிரமமாக இருந்தால் குதிரை வண்டி கிடைக்கும். எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரத்துக்கு, என்ன கட்டணம் என்பதை ஏறுவதற்கு முன்பே பேசி முடியுங்கள். பிற்பகலில் குளிர்சாதன வசதியுள்ள தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. அனுமதி இலவசம், திங்கட்கிழமை விடுமுறை.

இப்போது குழந்தைகளின் கேள்விக்கு வருவோம். மணிலாவை ஒட்டி இரண்டு பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் உள்ளன. பசாய் நகரில் கடற்கரைச் சாலையை ஒட்டியிருக்கும் ஸ்டார் சிட்டி, 2019 அக்டோபரில் தீவிபத்துக்குள்ளாகி 2022இல் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் பல சவாரிகள் கூரைக்குக் கீழே இருப்பதால் மழை நாளுக்கு ஏற்றது. மற்றொன்று லகுனா மாகாணத்தின் சான்டா ரோசாவில் 1995இல் திறக்கப்பட்ட என்சான்டட் கிங்டம். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். அது உங்கள் மாமனார் வீடிருக்கும் மாகாணத்திலேயே, மணிலாவிலிருந்து சான் பாப்லோ செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், மனைவியின் அண்ணன் தம்பி, அக்கா தங்கை பிள்ளைகளையும் அங்கே உடன் அழைத்துச் செல்ல முடியும் என்பது. பெரியவர்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசும்போது பக்கத்தில் மௌனமாக நிற்கும் பிள்ளைகள், ஒரு நீர்ச்சவாரியில் ஒன்றாக நனைந்து எழுந்தால், அன்று மாலைக்குள் ஒருவர் பெயரை ஒருவர் சத்தமாகக் கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். பிள்ளைகளுக்குள் பொதுமொழி குறைவாக இருந்தாலும் இது நடக்கும்.

அங்கே முன்னோக்கிச் சென்று பின் அதே பாதையில் பின்னோக்கி வரும் 'ஸ்பேஸ் ஷட்டில்' என்னும் உருளோட்டச் சவாரி (ரோலர் கோஸ்டர்) புகழ்பெற்றது. ஐந்து வயதுக் குழந்தைக்கு அது ஆகாது; உயர வரம்புள்ள சவாரிகளில் வாசலிலேயே அளந்து பார்ப்பார்கள் என்பதைக் குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சின்னவருக்குக் குடை ராட்டினமும் ராட்சத ராட்டினமும் உண்டு. தாத்தா பாட்டிகள் நால்வரும் வர விரும்பினால் பிற்பகலுக்கு மேல் வரட்டும். மாலை விளக்குகளும் இதமான காற்றும் அவர்களுக்கு உகந்தவை. 22ஆம் தேதிக்கு முன் வரும் ஒரு வார நாளைத் தேர்ந்தெடுங்கள். பூங்கா எல்லா நாளும் திறந்திருப்பதில்லை என்பதால் அதன் நாள்காட்டியைப் பார்த்த பிறகே சீட்டு வாங்க வேண்டும். மாற்றுடை, துவாலை, தலைவலி மாத்திரை ஆகியவை ஒரு பையில் இருக்கட்டும்.

யார் செலவு செய்வது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அழைத்தவர்தான் செலவை ஏற்பார் என்பது அங்குள்ள பொதுவான எதிர்பார்ப்பு. வெளிநாட்டிலிருந்து வந்தவர் அழைத்தால் இன்னும் கூடுதலாக. இதில் குறைபட எதுவுமில்லை, நம் ஊரிலும் அப்படித்தானே. ஆனால் ஆறு பேருக்கென்று நினைத்தது பதினைந்து பேராக ஆகலாம் என்பதால், ஒரு முழு நாளுக்கு ஓட்டுநருடன் வேன் எடுத்து, "இந்த வேனில் இத்தனை இருக்கை, எல்லாப் பிள்ளைகளும் வரட்டும்" என்று மனைவியின் வாயிலாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இருக்கைக் கணக்கே எண்ணிக்கையைத் தீர்மானித்துவிடும். யாரையும் முகத்துக்கு நேரே மறுக்க வேண்டியிருக்காது. கடன் அல்லது உதவி கேட்டு யாரேனும் வந்தால் என்ன செய்வது என்பதையும் நீங்களும் மனைவியும் புறப்படும் முன்பே பேசி ஒரு தொகைக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள். பதில் சொல்பவர் அவராகவே இருக்கட்டும்.

இரண்டாவது வெளி நாளுக்குத் தகாய்தாய் என்னும் மலை நகரம். மலைமுகட்டிலிருந்து கீழே ஏரியும், ஏரிக்கு நடுவே தால் எரிமலையும் தெரியும். மேகம் மூடும் முன் காலையிலேயே போய்விட வேண்டும். அங்கே 'ஸ்கை ராஞ்ச்' என்னும் சிறிய கேளிக்கைப் பூங்காவும், 63 மீட்டர் உயர ராட்சத ராட்டினமும் இருப்பதால் குழந்தைகள் இரண்டாவது தீம் பார்க் கிடைத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். எரிமலைத் தீவுக்குப் படகில் கூட்டிச் செல்கிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். 2020 ஜனவரி 12 அன்று அந்த எரிமலை வெடித்தது. தீவு முழுவதையும் நிரந்தர அபாயப் பகுதியாக அந்நாட்டு எரிமலை ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது. கந்தகப் புகைமூட்டம் இருப்பதாக அறிவிப்பு வந்த நாளில், பெற்றோரில் யாருக்கேனும் மூச்சிரைப்பு இருந்தால் அந்தப் பயணத்தையே தள்ளிப்போடுங்கள்.

உங்கள் தந்தைக்காக நான் சொல்ல விரும்பும் இடம் லோஸ் பான்யோஸ். சான் பாப்லோவிலிருந்து எளிதில் சென்று திரும்பலாம். 1960இல் தொடங்கப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. 1966இல் வெளியாகி நம் காவிரிப் படுகை வரை வந்த ஐ.ஆர். 8 நெல் அங்கே உருவானதுதான். கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அதன் தலைமை இயக்குநராக இருந்தார். உலகெங்குமிருந்து திரட்டிய 1,30,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளை அங்கே பாதுகாக்கிறார்கள். வயலில் நின்று வாழ்ந்த ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி மணிலாவில் இல்லை. பார்வையாளர்கள் முன்அனுமதி பெற்றுச் செல்வதே முறை. கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்கும் முன் ஒரு வேலை நாளாகப் பார்த்து எழுதிக் கேளுங்கள். உங்கள் மாமனாரையும் கூட்டிச் செல்லுங்கள். மொழி தெரியாத இரு சம்பந்திகள் பேசிக்கொள்ள நெல்லும் தென்னையும் போதும்.

மீதி நாள்கள் வீட்டுக்கு. போய் இறங்கியதும் குழந்தைகள், தாத்தா பாட்டியின் வலக்கையைப் பிடித்துத் தங்கள் நெற்றியில் ஒற்றிக்கொள்ள வேண்டும். 'மானோ' எனப்படும் இந்த மரியாதையை மனைவி சிங்கப்பூரிலேயே பழக்கிவிடட்டும். தாத்தாவை லோலோ, பாட்டியை லோலா என்றும், தன்னைவிட மூத்த பிள்ளைகளைக்கூட அண்ணன், அக்கா முறை சொல்லி குயா, ஆத்தே என்றும்தான் அழைக்க வேண்டும். 'பசலுபோங்' எனப்படும் கைப்பொருள் இல்லாமல் போகக்கூடாது. விலை முக்கியமன்று, ஒருவரும் விடுபடக்கூடாது என்பதே முக்கியம். மனைவியிடம் பெயர்ப் பட்டியல் வாங்கி, பட்டியலில் இல்லாமல் வருபவர்களுக்கென்று சில பொட்டலங்களைக் கூடுதலாக வையுங்கள்.

உணவுதான் கவனம் மிக வேண்டிய பகுதி. இறைச்சி போடாத காய்கறிக் குழம்பு என்று அன்போடு பரிமாறுவதிலும் 'பகோவோங்' என்னும் இறால் விழுதோ, 'பதிஸ்' என்னும் மீன் சாறோ இருக்கலாம். பினக்பெத் என்னும் கத்தரி, வெண்டை, பாகற்காய்க் கூட்டு அதற்கு நேர் உதாரணம். அவர்கள் ஏமாற்றுவதில்லை. அதை அவர்கள் உப்பைப் போலவே கருதுகிறார்கள். எனவே "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொல்லாமல், மீன் சாறு, இறால் விழுது, கோழிச்சாறு கட்டி ஆகியவையும் கூடாது என்று பெயர் சொல்லியே மனைவி தெரிவிக்க வேண்டும். அதோடு, சில வேளைகளில் உங்கள் தாயார் சமைக்க அடுப்பில் இடம் கேட்டு வாங்குங்கள். சந்தையில் முருங்கைக்கீரை, கத்தரி, வெண்டை, பீர்க்கு, சுரை, புளி, தேங்காய், பச்சைப் பயறு எல்லாம் கிடைக்கும். பச்சைக் கறிவேப்பிலை போன்ற செடிப் பொருள்களைக் கொண்டுபோகாமல், முத்திரையிட்ட சாம்பார்ப் பொடியும் ரசப்பொடியும் மட்டும் எடுத்துச் செல்லுங்கள். இரு தாய்மாரும் ஒரே சமையலறையில் நிற்கும் ஒரு காலை, பத்துச் சுற்றுலாத் தலங்களைவிட உங்கள் குடும்பத்துக்கு அதிகம் தரும் என்று உறுதியாக நம்புகிறேன். மாலைச் சிற்றுண்டிக்குச் சர்க்கரைப் பாகு ஊற்றிய மென்மையான சோயாக் கட்டியான 'தாஹோ', வாழைப்பழத்தைச் சுருட்டிப் பொரித்த 'துரோன்', தேங்காய்ப்பாலில் வெந்த பசையரிசிப் பண்டமான 'சுமான்' ஆகியவற்றைப் பெற்றோர் தயங்காமல் உண்ணலாம்.

24ஆம் தேதி நள்ளிரவு விருந்தான நோச்சே புவேனாவில் மேசை நடுவே முழுப் பன்றி வறுவல் இருக்கக்கூடும். இதைப் பெற்றோரிடம் திருச்சியிலேயே சொல்லிவிடுங்கள்; அங்கே போய்த் திடுக்கிட வேண்டாம். மனைவி கேட்டுக்கொண்டால் சைவப் பண்டங்களைத் தனி மேசையில் வைத்து அவர்களை அங்கே உட்கார வைப்பதில் யாருக்கும் வருத்தம் இராது. டிசம்பர் 16 முதல் 24 வரை விடியுமுன் நடக்கும் 'சிம்பாங் கபி' என்னும் தேவாலய வழிபாட்டுக்கு ஒரு நாளாவது மாமியாருடன் செல்லுங்கள். மார்கழி அதிகாலைக்குப் பழகிய உங்கள் தாயாருக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

கிறிஸ்துமஸ் முடிந்த 26ஆம் தேதியைச் சான் பாப்லோவின் ஏழு ஏரிகளில் ஒன்றான பான்டினுக்கு ஒதுக்கலாம். உள்ளூர்ப் பெண்கள் நடத்தும் மூங்கில் தெப்பத்தில் அமர்ந்து ஏரியைச் சுற்றி வரலாம். பிள்ளைகளுக்கு உயிர்காப்பு அங்கி போட்ட பிறகே ஏற்றுங்கள். 27ஆம் தேதி மாலைக்குள் மணிலா விமான நிலையத்துக்கு அருகிலுள்ள விடுதிக்கு வந்துவிடுங்கள். ஆண்டிறுதி நெரிசலில் சான் பாப்லோவிலிருந்து புறப்பட்ட அன்றே விமானம் பிடிக்க நினைப்பது ஆபத்து. வழியனுப்ப மனைவி வீட்டார் வேன் நிறைய வருவார்கள் என்பதால், அன்றிரவு அவர்கள் எல்லாருடனும் சேர்ந்து உண்ண ஓர் உணவகத்தை முன்பே பதிவு செய்து வையுங்கள்.