கார்டைக் கொடுத்தவன் மேல் கேஸ் வருமா?

பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்

ஐயா, என் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். சீனியர் ஒருவன் கேட்டான் என்று சேமிப்புக் கணக்கு தொடங்கி, ஏடிஎம் கார்டையும் சிம்மையும் அவனிடமே கொடுத்துவிட்டான். ஐயாயிரம் ரூபாய் கிடைத்ததாம். இப்போது கணக்கை முடக்கிவிட்டார்கள், வேறு மாநில சைபர் கிரைம் போலீஸிடமிருந்து நோட்டீஸும் வந்திருக்கிறது. ஸ்டேட்மென்ட் நகல் அனுப்பியிருக்கிறேன். இவன் எதையும் திருடவில்லையே, எப்படிக் கேஸ் வரும்?

அம்மா, ஸ்டேட்மென்ட்டை இரண்டு முறை பார்த்தேன். ஒன்றரை மாதம் ஐநூறு ரூபாயோடு சும்மா கிடந்த கணக்கு. அப்புறம் ஒரு நாள் காலை 11.02க்கு 1,98,000 ரூபாய் வரவு. 11.04க்கு 49,500 பற்று, 11.05க்கு இன்னொரு 49,500, இப்படி நான்கு தடவை, கால் மணி நேரத்தில் மறுபடியும் அதே ஐநூறு. அந்தப் பணம் யாரோ ஒரு பெரியவரை வீடியோ காலில் 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டிப் பிடுங்கிய ஓய்வூதியமாகக்கூட இருக்கலாம். பிடுங்குகிறவன் தன் சொந்தக் கணக்கில் வாங்க மாட்டான், உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளின் கணக்கு வழியாகப் பத்து இடத்துக்குச் சிதறடித்து, கடைசியில் ஏடிஎம்மிலோ கிரிப்டோவாகவோ எடுத்துவிடுவான். பாதிக்கப்பட்டவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு போன் செய்ததும் போலீஸ் பணம் போன வழியிலேயே வங்கி வங்கியாக வரும். வரிசையில் கண்ணுக்குத் தெரியும் முதல் பெயர் உங்கள் மகனுடையதுதான், சீனியர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது? 2002ஆம் ஆண்டின் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டத்தில் 3ஆவது பிரிவு, தெரிந்தே உதவியவரையும் குற்றவாளி என்கிறது. தண்டனை 3 முதல் 7 ஆண்டு கடுங்காவல். ஆனால் அமலாக்கத்துறை நேராக வந்துவிட முடியாது, முதலில் அந்தப் பணம் வந்ததற்குக் காரணமான அடிப்படைக் குற்றம் ஒன்று பதிவாகியிருக்க வேண்டும், 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. அப்படிப்பட்ட குற்றங்களுக்கு அந்தச் சட்டத்திலேயே ஒரு பட்டியல் உண்டு, மோசடி அதில் இருக்கிற குற்றம்தான். உங்கள் மகனைப் போன்றவர்கள் மேல் பெரும்பாலும் போலீஸின் மோசடி வழக்கே வரும். எல்லாம் அந்தத் 'தெரிந்தே' என்ற சொல்லில்தான் நிற்கிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வாங்கிய ஐயாயிரம் அவனுக்கு எதிராகத்தான் பேசும். அவனுக்குத் துணை நிற்கக்கூடியது சீனியரோடு பேசிய வாட்ஸ்அப் மட்டுமே, என்ன காரணம் சொல்லிக் கணக்கு கேட்டான் என்பது அதில் இருக்கும். பயத்தில் ஒரு வரியைக்கூட அழிக்க விடாதீர்கள், போனையும் மாற்ற வேண்டாம்.

இன்றைக்கே சிம்மை முடக்குங்கள். கார்டு மகனிடம் இல்லை, யாரிடம் இருக்கிறது என்று கிளைக்கு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். நோட்டீஸில் சொன்ன தேதியை விட்டுவிடாதீர்கள், ஒரு வழக்கறிஞரோடு பதில் கொடுங்கள். அழைத்தபடி ஆஜராகிறவரைப் பொதுவாகக் கைது செய்வதில்லை, ஓடி ஒளிந்தால் கதை வேறு. சீனியரின் பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள் அம்மா. அதே கல்லூரியில் இன்னும் எத்தனை பேரிடம் கார்டு வாங்கியிருக்கிறானோ.

வாசகர், மதுரை

நிலம் விற்ற பணம் 14 லட்சத்தை வங்கியில் ரொக்கமாகக் கட்ட வேண்டும். ஒரே நாளில் கட்டினால் மேலே தகவல் போகும், பிரித்துக் கட்டுங்கள் என்கிறார் தெரிந்தவர். சரியா?

வேண்டவே வேண்டாம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட ரொக்கத்தை வங்கி, டெல்லியில் உள்ள நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், அது வழக்கமான கணக்குதான், உங்கள் மேல் குற்றச்சாட்டு இல்லை. பிரித்துக் கட்டினாலும் மாதத்துக்குக் கூட்டிப் பார்ப்பார்கள். அதற்கு மேல் 'சந்தேகப் பரிவர்த்தனை' என்று ஒரு அறிக்கையும் போகலாம், போனதை வங்கி உங்களிடம் சொல்லக் கூடாது. ஆனால் நிலத்துக்கு இவ்வளவு ரொக்கம் வாங்கியது வருமான வரியில் தனிப் பிரச்சினை, முதலில் ஆடிட்டரைப் பாருங்கள்.

கே.ஆர்., திருப்பூர்

துபாய் பார்ட்டி டி-ஷர்ட் ஆர்டர் கொடுத்தார். சரக்கு ஈரானின் பந்தர் அப்பாஸுக்குப் போக வேண்டும், பணத்தைத் துருக்கியிலிருந்து வேறொரு கம்பெனி டாலரில் அனுப்புமாம். வங்கி ஆயிரம் கேள்வி கேட்கிறது. டி-ஷர்ட்டில் என்ன தப்பு?

டி-ஷர்ட்டில் ஒரு தப்பும் இல்லை, பணம் வரும் பாதையில்தான் சிக்கல். வாங்குகிறவர் ஒருவர், பணம் தருகிறவர் இன்னொருவர், சரக்கு போகிற இடம் மூன்றாவது. வங்கியில் உட்கார்ந்திருக்கிற யாரும் இதைப் பார்த்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். டாலர் பெரும்பாலும் அமெரிக்க வங்கி ஒன்றைத் தொட்டுத்தான் வரும், ஈரான் மேல் அமெரிக்கத் தடை இருப்பதால், அங்கே ஈரான் என்று தெரிந்தால் பணம் நடுவழியில் நின்றுவிடும். பிஎன்பி பாரிபா என்ற பிரெஞ்சு வங்கி சூடான், ஈரான், கியூபா பணத்தை இப்படி ஒளித்து அனுப்பியதற்கு 2014இல் கிட்டத்தட்ட 890 கோடி டாலர் கட்டியது, எந்த வங்கியும் அதை மறக்கவில்லை. இலங்கை அரசே ஈரானுக்குத் தர வேண்டிய எண்ணெய்க் கடன் 25 கோடி டாலரைக் காசாகக் கொடுக்க வழியில்லாமல், தேயிலையாகக் கழிக்க 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டது. ஒரு அரசாங்கத்துக்கே இந்த நிலைமை.

மூன்றாம் நபர் பணம் அனுப்புவதை ரிசர்வ் வங்கி அடியோடு தடுக்கவில்லை, ஆனால் அதை முன்கூட்டியே ஆவணத்தோடு சொல்ல வேண்டும். பார்ட்டி 'இன்வாய்ஸில் துபாய் என்று மட்டும் போடுங்கள்' என்று சொன்னால் ஆர்டரை விட்டுவிடுங்கள். அவர் கம்பெனியை மூடிவிட்டு நாளைக்கு வேறு பெயரில் வருவார், ஏற்றுமதி செய்ய அரசு உங்களுக்குத் தந்த குறியீட்டு எண் போனால் தையல் மிஷின்கள் நின்றுவிடும்.

வாசகர், கீழக்கரை

சவூதியில் இருக்கும் என் தம்பி அனுப்பும் பணத்தை, 'பெயர் பட்டியலோடு ஒத்துப்போகிறது' என்று ஒவ்வொரு முறையும் நிறுத்திவைக்கிறார்கள். அவமானமாக இருக்கிறது. வங்கி வழியாக இல்லாமல் ஆள் மூலம் வரும் உண்டியலில் (ஹவாலா) வாங்கிக்கொள்ளலாமா?

உங்கள் கோபம் நியாயமானது. ஐநா பாதுகாப்பு மன்றத்தின் தடைப் பட்டியலில் இருக்கும் பெயர்களோடு ஒவ்வொரு பரிவர்த்தனையையும் இயந்திரம் ஒப்பிடுகிறது, ஒரே பெயர் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இருக்கும் ஊர்க்காரர்கள் அதில் மாட்டிக்கொள்கிறார்கள். நம் பெயர் வைக்கிற முறையும் அதற்குப் புரிவதில்லை. வங்கியில் இனிஷியல் மட்டும், பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முழுதாக, சவூதி அடையாள அட்டையில் அதுவே முன்னும் பின்னும் மாறி. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் பெயரைத் திருத்துங்கள். பிறந்த தேதியோடு பாஸ்போர்ட் நகலைக் கிளையில் எழுத்துமூலம் கொடுத்து, பட்டியலில் உள்ளவர் தம்பி இல்லை என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். அதன் பிறகும் நிறுத்தினால் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதலாம், முப்பது நாளில் பதில் வராவிட்டால் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம்.

உண்டியல் மட்டும் வேண்டாம். அந்நியச் செலாவணிச் சட்டப்படி, வாங்கிய தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. முன்பெல்லாம் பையில் பணம் கொண்டு வந்து கொடுத்தவர்கள் இப்போது 'அக்கவுண்ட்டில் போட்டுவிடுகிறேன்' என்கிறார்கள். போடுகிற பணம் தம்பியுடையது இல்லை, அந்தத் தஞ்சாவூர்ப் பையனின் கணக்கு வழியாக வந்த பணமாகக்கூட இருக்கலாம். அது உங்கள் கணக்குக்கு வந்த மறுவாரம் வேறு மாநிலப் போலீஸின் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கும் வரும்.