கார் யாருக்குச் சேதி சொல்கிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

உள்ளேயே சிம் வைத்து விவரங்களை வெளியே அனுப்பும் இன்டர்நெட் கார்களைப் பற்றிப் போன முறை எழுதியதிலிருந்து நிறையக் கடிதங்கள். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் சொல்கிறேன். காரின் பெயர், வருடம், வேரியன்ட் மூன்றையும் எழுதுங்கள் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். ஒரே காரில் கீழ் வேரியன்ட்டில் சிம் இருக்காது, மேல் வேரியன்ட்டில் இருக்கும்.

புதுக் காரில் கண்ணாடிக்கு மேலே எஸ்.ஓ.எஸ். பட்டன் இருக்கிறது. நாங்கள் உள்ளே பேசுவதையெல்லாம் அது கேட்டுக்கொண்டே இருக்குமா? (கேத்தி ஊரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை)

பட்டனை அழுத்தினாலோ ஏர்பேக் விரிந்தாலோ கால் சென்டருக்கு அழைப்பு போகும். உங்கள் பேச்சு அங்கே கேட்பது அப்போதுதான். "ஹலோ" சொல்லிக் கூப்பிடும் குரல் உதவி வேறு. கூப்பிடும் சொல்லுக்காக அதன் மைக் காத்துக்கொண்டே இருக்கும். வேண்டாமென்றால் செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள். பேச்சைவிட, எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எங்கே நிறுத்தினீர்கள், எப்படி பிரேக் போட்டீர்கள் என்ற கணக்குத்தான் அதிகம் வெளியே போகிறது. கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

2009 மாடல் கார் வைத்திருக்கிறேன். அதுவும் உளவு பார்க்குமா? (கூடலூர்)

பார்க்காது. அதில் சிம் இல்லை. டேஷ்போர்டில் மாட்டி வைத்திருக்கிறீர்களே போன், அது பார்க்கும்.

சார், என் கார் டேட்டா திருடுதா? அர்ஜென்ட். (ஊர் இல்லை, பெயர் இல்லை)

காரும் இல்லை. என்ன கார், எந்த வருடம், போனில் கார் கம்பெனி ஆப் போட்டிருக்கிறீர்களா, ஒன்றுமே தெரியாமல் நான் என்ன சொல்ல முடியும்? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள், கட்டாயம் பதில் தருகிறேன்.

இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது, ஓட்டும் விதத்தைப் பார்த்து பிரீமியம் குறைப்போம் என்கிறார்கள். சேரலாமா? தினமும் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் போய் வருகிறேன். (குன்னூர்)

இதில் இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று மட்டும் பார்ப்பது ஒன்று. எப்படி ஓட்டினீர்கள் என்று பார்ப்பது இன்னொன்று. இரண்டுக்கும் 2022 ஜூலையில் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதி தந்தது. இரண்டுமே நம் காருக்கு ஆகும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதிக்குத்தான். அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கான தேர்டு பார்ட்டி கட்டணம் அரசு வைப்பது, அதில் மாற்றம் வராது.

முதல் வகையில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வருடத்துக்கு ஏழெட்டாயிரம் கிலோமீட்டருக்குள் ஓட்டுபவருக்கு லாபம்தான். தினமும் மலை இறங்கி ஏறும் உங்களுக்கு அதில் ஒன்றும் மிச்சமாகாது. இரண்டாவது வகையில் நம் நீலகிரி மலைக்காரர்கள் யோசித்துத்தான் சேர வேண்டும். ஒரே விநாடியில் வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டருக்கு மேல் குறைந்தால் 'ஹார்டு பிரேக்' என்று ஒரு கரும்புள்ளி விழும். வளைவில் வண்டி சாய்ந்தால் இன்னொன்று. நீங்கள் இறங்கும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பர்லியாறு பக்கம் சுற்றுலா வேன் திடீரென்று நிற்கும், காட்டேரியில் காட்டெருமை குறுக்கே வரும். அங்கே பிரேக்கை மிதிப்பவன் நல்ல டிரைவர். மெஷினுக்கு அது தெரியாது. சமவெளியில் வைத்த அளவுகோலால் உங்களை அளந்து, மோசமான டிரைவர் என்று எழுதிக்கொள்ளும். மலைப்பாதைக்குக் கணக்கு வேறா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் சேராதீர்கள்.

அமெரிக்காவில் நடந்ததை நினைவில் வையுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களிலிருந்து எடுத்த ஓட்டுதல் விவரங்களை இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குத் தகவல் விற்கும் லெக்சிஸ்நெக்சிஸ், வெரிஸ்க் என்ற நிறுவனங்களுக்குக் கொடுத்தது 2024 மார்ச்சில் வெளியே வந்தது. சியாட்டில் பக்கம் ஒருவருக்கு பிரீமியம் 21 சதவீதம் ஏறியிருந்தது. விபத்து ஒன்றும் இல்லை. ஏன் என்று தேடி, லெக்சிஸ்நெக்சிஸ் தன்னைப் பற்றி வைத்திருந்த அறிக்கையை வாங்கிப் பார்த்தால் 250 பக்கத்துக்கு மேல். ஆறு மாதத்தில் அந்தக் கார் போன 640 பயணங்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை தடவை பிரேக், எத்தனை தடவை வேகம். 2025 ஜனவரியில் அந்த நாட்டு வர்த்தக ஆணையம், ஜெனரல் மோட்டார்ஸ் இப்படிப்பட்ட விவரங்களை அந்த மாதிரி நிறுவனங்களுக்குக் கொடுக்க ஐந்து வருடத் தடையை அறிவித்தது. ஹோண்டா இதே மாதிரி விவரங்களுக்கு அங்கே வாங்கிய விலை ஒரு காருக்கு 26 சென்ட். நம் கணக்கில் சுமார் 20 ரூபாய்.

டாக்ஸியில் மாட்டிய ஜி.பி.எஸ். பெட்டியின் ஒயரைக் கழற்றிவிடலாமா? (ஊட்டி)

கூடாது. மஞ்சள் போர்டு டாக்ஸிக்கு 2019 முதல் அது சட்டம். பேனிக் பட்டனும் அதோடு சேர்ந்ததுதான். ராத்திரி உங்கள் வண்டியில் தனியாக வரும் பெண்ணுக்காக வைத்தது. வண்டித் தகுதிச் சான்றான எஃப்.சி. எடுக்கும்போதும் மாட்டிக்கொள்வீர்கள்.

ஊட்டிக்கு வர இ-பாஸ் எடுக்கக் கார் நம்பர், போன் நம்பர் எல்லாம் கொடுத்தேன். இதுவும் ஆபத்தா? (கோவை)

2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வாங்குகிறார்கள். அது நீங்கள் தெரிந்தே கொடுத்தது. கார் உங்களைக் கேட்காமல் கொடுப்பதுதான் என் கவலை. ஆனால் அரசு தளத்தில் நீங்களே போடுங்கள். வழியில் "நாங்கள் எடுத்துத் தருகிறோம்" என்பவர்களிடம் ஆர்.சி.யைக் காட்டாதீர்கள்.

டெலிவரி அன்று ஷோரூம் பையன்தான் என் போனை வாங்கி ஆப் போட்டுக் கொடுத்தார். எதற்கு ஓகே கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. இப்போது திறந்து பார்த்தால் இருப்பிடம், டிரைவிங் ஸ்கோர், விளம்பரம் எல்லாமே ஆன். இது சரியா? (கோத்தகிரி)

சரியே இல்லை. இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

டெலிவரி நாளில் காருக்கு மாலை போடுகிறோம், சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம், வீட்டில் எல்லோரும் போட்டோவுக்கு நிற்கிறோம். அந்த நேரம் பார்த்து ஒருவர் போனை வாங்கி "ஓகே, ஓகே, அலவ்" என்று நாலு தடவை தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். அரை நிமிஷ வேலை. அந்த நாலு தட்டலில் பத்து வருடத்துக்கு நீங்கள் போகும் வரும் வழியெல்லாம் இன்னொருவர் கைக்குப் போய்விடுகிறது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பீர்களா? இது அதேதான். சமவெளியில் ஒரு ஷோரூமில் எனக்கே இது நடந்தது. என் கார் டெலிவரியில் நான் பூஜைத் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தபோது மகனின் போனில் எல்லாவற்றுக்கும் சம்மதம் போட்டுவிட்டார்கள். கேட்டதற்கு, "எல்லோருக்கும் இப்படித்தான் சார் போடுவோம்" என்றார்கள். எல்லோருக்கும் போடுகிறார்கள் என்பதுதான் என் ஆத்திரமே.

2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். சம்மதம் தானாக, விவரம் தெரிந்து, எதற்கென்று குறிப்பாக, நீங்களே தர வேண்டும் என்கிறது. இன்னொன்று முக்கியம்: சம்மதம் கேட்கும் வாசகத்தை அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் படிக்க வாய்ப்புத் தர வேண்டும். தமிழ் அதில் இருக்கிறது. முப்பது பக்க ஆங்கிலத்தை நீட்டி ஓகே வாங்க முடியாது. கொடுத்த சம்மதத்தை, கொடுத்தது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாகத் திரும்ப வாங்கவும் வழி இருக்க வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களுக்கான பெரும்பாலான கடமைகள் 2027 மே மாதத்திலிருந்து கட்டாயம். அதுவரை காத்திருக்க வேண்டாம், தமிழில் கொடு என்று இன்றே கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் ஷோரூமில் பேச்சு மாறும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: ஆப்பில் பிரைவசி பகுதிக்குப் போய் டிரைவிங் ஸ்கோர், விளம்பரம், மூன்றாம் நபருக்குப் பகிர்தல் மூன்றையும் அணையுங்கள். எஸ்.ஓ.எஸ்ஸை விட்டுவிடுங்கள். கணக்கு உங்கள் போன் நம்பரில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ஷோரூம்காரர் நம்பர் இருந்தால் அன்றே மாற்றுங்கள். இனி டெலிவரி எடுப்பவர்களுக்கு: போனை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

பெரிய கம்பெனிதானே, பத்திரமாக வைத்திருக்க மாட்டார்களா? (வெலிங்டன்)

2024 கடைசியில் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் சுமார் 8 லட்சம் மின்சாரக் கார்களின் விவரங்கள் பூட்டில்லாமல் கிடந்தன. பாதிக்கு மேற்பட்ட கார்கள் எங்கே நிற்கின்றன என்பதுகூடத் துல்லியமாகத் தெரிந்தது. டொயோட்டா ஜப்பானில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைப் பத்து வருடம் இப்படித் திறந்து போட்டிருந்தது. பெரிய கம்பெனி என்பதால் பெரிய ஓட்டை.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினேன். ஆப் என் பேரில் ஏற மறுக்கிறது. (மஞ்சூர்)

பழைய சொந்தக்காரர் நீக்கவில்லை. உங்கள் கார் எங்கே நிற்கிறது என்று அவர் போனில் இன்னும் தெரியும். சில மாடல்களில் கதவையும் திறக்க முடியும். என் பட்டறைக்கு வந்த ஒரு காரில், விற்றவர் பெங்களூரில் உட்கார்ந்தபடி குன்னூரில் நின்ற காரின் ஏ.சி.யைப் போட்டுக் காட்டினார். ஆர்.சி. மாற்றிய நகலோடு கம்பெனி கஸ்டமர் கேருக்கு எழுதுங்கள். அப்புறம் ஸ்கிரீனில் ஃபேக்டரி ரீசெட். விற்பவர்களுக்கும் அதேதான்: ஆப்பிலிருந்து காரை நீக்கி, ஏற்றிய போன் நம்பர்களை அழித்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். வாடகைக் கார் எடுத்தாலும் இதை மறக்காதீர்கள்.

கார் என் கணவர் பெயரில். நான் எங்கே போனாலும் ஆப்பில் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கேள்வி கேட்கிறார். என்ன செய்வது? (அருவங்காடு)

அம்மா, ஆப்பின் முதல் கணக்கு யாருடையதோ அவருக்கு இருப்பிடம், கிளம்பிய நேரம், வேகம் எல்லாம் தெரியும். குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கை வரும்படியும் வைக்கலாம். ஆர்.சி. அவர் பெயரில் இருப்பதால் கம்பெனி உங்கள் பேச்சைக் கேட்டு நீக்காது. ஸ்கிரீனில் இருப்பிடத்தை அணைக்கும் வசதி சில கார்களில் உண்டு, ஆனால் அணைத்ததும் அவருக்குத் தெரிந்துவிடும். இது சண்டையோடு நிற்கும் என்றால் உட்கார்ந்து பேசுங்கள். பயமாக இருக்கிறதென்றால் ஆப்பைத் தொடாதீர்கள், முக்கியமான இடத்துக்குப் பஸ்ஸில் போங்கள், பெண்கள் உதவி எண் 181க்கு எந்த நேரமும் கூப்பிடலாம். உங்கள் போனும் அவர் கணக்கில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பேசாமல் காரிலுள்ள சிம் பெட்டியின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் என்ன? (லவ்டேல்)

வேண்டாம். வாரன்டியில் தகராறு வரும், எஸ்.ஓ.எஸ்ஸும் செத்துவிடும். ராத்திரி பத்து மணிக்கு வண்டி சரிவில் இறங்கிவிட்டால் உங்களுக்காக ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது அதுதான். பகிர்வை ஆப்பில் அணைத்தால் போதும். சிக்னல் இல்லாத இடத்தில் ஒன்றும் போகாது என்றும் நினைக்காதீர்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவில் சேர்த்து வைத்ததை மசினகுடியில் சிக்னல் கிடைத்ததும் அந்தப் பெட்டி அனுப்பிவிடும். எஸ்.ஓ.எஸ். அழைப்புக்கு மட்டும் அந்த இடத்திலேயே சிக்னல் வேண்டும். அதனால் அந்த இறக்கத்தில் பட்டனை நம்பாமல் இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள்.